ஊர் அணி தோற்ற பிறகு கீப்பரிடம் என்ன பேசுவது?

கேள்வி:

கோச் சார், வணக்கம். அவினாசி பக்கத்தில் ஒரு கிராமம் எங்களுடையது. வயது 31. திருப்பூரில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். எங்கள் ஊர்க் கால்பந்து டீம் மாவட்ட லீக்கில் இரண்டாம் டிவிஷன் ஆடுகிறது. என் மாமா அதில் ஹாஃப், அதாவது நடுக்களத்தில், ஆடியவர். அவர் சைக்கிள் பாரில் உட்கார்ந்து போன வயதிலிருந்து ஆட்டம் தவறாமல் பார்க்கிறேன். பெரிய கோப்பை எதுவும் நாங்கள் ஜெயித்ததில்லை.

இந்தப் பொங்கலை ஒட்டி நடந்த நாக் அவுட் போட்டியில் கால் இறுதிக்கு வந்தோம். ஐந்து நாளில் அது மூன்றாவது ஆட்டம். எதிரில் மூன்றாம் டிவிஷன் டீம். அரை இறுதிக்கு வேன்கூடப் பேசி வைத்துவிட்டோம். கடைசி 20 நிமிடம் இருக்கும்போது நாங்கள் 2-0. அப்போது எங்கள் சென்டர் பேக்குக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. கோச் அவரோடு ஒரு ஃபார்வர்டையும் வெளியே எடுத்து, தடுப்பில் நிற்கிற இரண்டு பேக்குகளை இறக்கினார். அதிலிருந்து பந்து எங்கள் பக்கமே கிடந்தது. 2-1 ஆனது. கடைசி நிமிடத்தில் ஒருத்தன் தூரத்திலிருந்து அடித்த பந்து, எங்கள் கீப்பர் கையில் பட்டு நழுவி உள்ளே போய்விட்டது. பெனால்டி டை-பிரேக்கரில் ஒன்றைப் பிடித்தான். இருந்தும் 4-3 என்று தோற்றோம்.

கீப்பர் எங்கள் தெருப் பையன்தான். 19 வயது, டையிங்கில், சாயப்பட்டறையில், வேலை. ஆட்டம் முடிந்து அவன் வெளியே வரும்போது, ஆத்திரத்தில், "எவ்வளவுடா வாங்குன?" என்று எல்லார் முன்னாலும் கத்திவிட்டேன். அதன்பிறகு அவன் இரண்டு பயிற்சிக்கு வரவில்லை. குரூப்பில் கோச்சை மாற்றச் சொல்லி ஒரே சண்டை. லீக்கில் இன்னும் நான்கு ஆட்டம் இருக்கிறது. படுத்தால் அந்தக் கடைசி கோல்தான் கண் முன்னால் வருகிறது. "ஒரு பந்தாட்டத்துக்கா இப்பிடி உக்காந்திருக்கறீங்க?" என்கிறாள் மனைவி. நான் விலகிவிடுவதுதான் நல்லதா? அடுத்த சீசன் ஜெர்சிக்குப் பணம் தருவதாகச் சொல்லியிருந்தேன். அதையும் நிறுத்திவிடலாமா?

பதில்:

தம்பி, கடிதத்தைப் படித்தேன். கூட அனுப்பியிருந்த போன் வீடியோவையும் பார்த்தேன். அந்தக் கடைசி கோலைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டுப் பார்த்தேன். அதைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டும். அதற்கு முன்னால் உங்கள் வீட்டில் கேட்ட கேள்விக்கு ஒரு பதில் சொல்லிவிடுகிறேன்.

ஆமாம், ஒரு பந்தாட்டத்துக்குத்தான். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. லீக்கில் ஒரு ஆட்டம் போனால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஈடுகட்டலாம். நாக் அவுட்டில் அடுத்த ஞாயிறு என்பதே கிடையாது. அதுவும் கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாமல் போகும்போது, சும்மா 3-0 என்று தோற்பதைவிடப் பல மடங்கு வலிக்கும். உங்களைவிடப் பெரிய இடத்தில் இதே வலியைப் பட்டவர்கள் இருக்கிறார்கள். 2000-ம் ஆண்டில் பிரான்ஸில் கலே என்ற துறைமுக ஊரின் அமெச்சூர் அணி, நான்காம் டிவிஷனிலிருந்து கிளம்பி, பிரெஞ்சுக் கோப்பையின் இறுதி ஆட்டம் வரைக்கும் வந்துவிட்டது. இறுதி ஆட்டத்தில் முதல் கோலும் அவர்கள்தான் போட்டார்கள். முதல் டிவிஷன் அணியான நாந்த் சமன் செய்தது. 90-வது நிமிடத்தில் ஒரு பெனால்டி. 2-1, முடிந்தது. கோப்பையை வாங்கப் போன நாந்த் கேப்டன் மிக்கேல் லான்ட்ரோ, கலே கேப்டனையும் பக்கத்தில் கூப்பிட்டு, இருவரும் சேர்ந்துதான் அதைத் தூக்கினார்கள். லான்ட்ரோ ஒரு கோல்கீப்பர். கடைசி நிமிடத்தில் கோல் வாங்குவது எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியும்.

ஆகவே நீங்கள் வருத்தப்படுவது பைத்தியக்காரத்தனம் இல்லை. எனக்குக் கவலை தருவது வேறு. நீங்கள் கத்திய அந்த இரண்டு வார்த்தை.

ஒன்றை யோசித்துப் பாருங்கள். 2019 மார்ச் 9-ம் தேதி கோவை நேரு ஸ்டேடியத்தில் சென்னை சிட்டி அணி மினர்வா பஞ்சாபை 3-1 என்று ஜெயித்து ஐ-லீக் பட்டம் வாங்கியது. முதல் கோலை நாம் வாங்கி, பிறகு திருப்பிய ஆட்டம் அது. கொங்குநாட்டுக் கால்பந்துக்காரர்கள் பலர் அன்றைக்கு அங்கே இருந்தார்கள், நீங்களும் இருந்திருக்கலாம். அடுத்த சில வாரங்களிலேயே அதே அணி புவனேஸ்வரில் சூப்பர் கோப்பை ஆடப் போனது. பெங்களூரு எஃப்சியைத் தோற்கடித்து அரை இறுதிக்கு வந்து, எஃப்சி கோவாவிடம் 3-0 என்று தோற்றது. அன்றைக்கு டிவி முன்னால் உட்கார்ந்து யாரை என்ன திட்டியிருந்தாலும் அது அந்த அணியின் ஃபார்வர்டு பெட்ரோ மான்சியின் காதுக்குப் போயிருக்காது. அவர் வெளிநாட்டிலிருந்து வந்தவர், சம்பளம் வாங்கி ஆடுகிறவர், மறுநாள் நம் தெருவில் பால் வாங்க வருகிறவர் இல்லை.

உங்கள் கீப்பர் மறுநாள் உங்கள் தெருவில் பால் வாங்க வருகிறவர். கீழ் டிவிஷன் கால்பந்தில் பார்வையாளர் என்று தனியாக ஒரு கூட்டம் கிடையாது. நூறு பேர் நின்றால், அதில் ஒவ்வொருவரும் ஆடுகிறவனுக்கு மாமா, சித்தப்பா, கூடப் படித்தவன், முதலாளி வீட்டுப் பையன். டிவி ஆட்டத்தைப் பார்த்துப் பழகிய வாயோடு நாம் ஊர் கிரவுண்டுக்கு வந்து நிற்கிறோம். அங்கே கத்துவது காற்றில் போய்விடும். இங்கே அது ஒருத்தன் பெயரில் ஒட்டிக்கொள்ளும்.

சரி, இப்போது ஆட்டத்துக்கு வருவோம். அந்தக் கோல் யாரால் விழுந்தது என்று பொறுமையாகப் பார்க்கலாம். நீங்கள் அந்தப் பையனிடம் போய்ப் பேசுவதற்கு முன்னால் இது உங்களுக்குத் தெளிவாகியிருக்க வேண்டும். தெளிவு இல்லாமல் கேட்கிற மன்னிப்பு பாதி மன்னிப்பாக நிற்கும்.

2-0-வில் உங்கள் கோச் ஃபார்வர்டை எடுத்துவிட்டுக் கூடுதலாக ஒரு பேக்கைப் போட்டார். மாவட்ட அளவில் பாதிப் பேர் செய்கிற மாற்றம் இது. கேட்பதற்கு நியாயமாகவும் இருக்கும், கோலைக் காப்பாற்றத்தானே ஆள் சேர்க்கிறோம். ஆனால் முன்னால் நின்று பந்தை வாங்கி, நாலு நொடி தாக்குப்பிடித்து, ஒரு ஃபவுலோ த்ரோவோ வாங்கித் தருகிற ஆள் அந்த ஃபார்வர்டுதான். அவர் இல்லாவிட்டால் நாம் தூக்கி அடிக்கிற பந்து ஒவ்வொன்றும் எதிரணியின் ஹாஃப் காலுக்கே போய்ச் சேரும், அவர்கள் அதை மறுபடி நம் பக்கமே கொண்டுவருவார்கள். வீடியோவில் கடைசி கோலுக்கு முந்தைய நிமிடத்தைப் பாருங்கள். நம்மவர்கள் நான்கு முறை பந்தை வெளியேற்றுகிறார்கள். நான்கு முறையும் அது நேராகத் திரும்பி வருகிறது. ஒருவர்கூட அதைக் கார்னர் கொடிப் பக்கம் கொண்டுபோய் வைத்து நிற்கவில்லை. நிற்க அங்கே ஆளே இல்லை.

இப்படித் திரும்பத் திரும்ப வரும்போது பேக்குகள் ஒரு அடி ஒரு அடியாகப் பின்னால் வந்து, கடைசியில் பெனால்டி பாக்ஸுக்குள் சுவர் மாதிரி நிற்பார்கள். அதுதான் நடந்திருக்கிறது. அடித்தவன் சுமார் 25 மீட்டர் தூரத்தில், பக்கத்தில் யாரும் இல்லாமல், நிதானமாகப் பந்தை வைத்து அடிக்கிறான். அவனுக்கும் கீப்பருக்கும் நடுவில் நம் ஆட்கள் மூன்று பேர் நிற்கிறார்கள். பந்து காலை விட்டுக் கிளம்பியதைக் கீப்பர் பார்க்கவே இல்லை, அவன் எட்டிப் பார்த்துத் தலையை இரண்டு பக்கமும் சாய்ப்பது வீடியோவில் தெரிகிறது. பந்து நம் பேக்கின் இடுப்போரமாக வெளியே வந்த பிறகுதான் அவன் நகர்கிறான்.

அடுத்து, கோல் கம்பத்தின் நிழலைப் பாருங்கள். வலையைத் தாண்டிப் பின்பக்கம் நீளமாக விழுந்திருக்கிறது. அப்படியென்றால் சூரியன் அவன் முகத்துக்கு நேரே. தை மாதத்தில் மாலை ஐந்தே காலுக்கு மேல் வெயில் தாழ்ந்து கண்ணுக்குள்ளேயே வரும். கால்பந்து மைதானத்தை வடக்கு தெற்காக அமைக்கச் சொல்வது இதற்காகத்தான். உங்கள் போட்டி நடந்த கிரவுண்டு கிழக்கு மேற்காக இருக்கிறது. இரண்டாம் பாதியில் அவன் இரண்டு முறை கையை நெற்றியில் வைத்துப் பார்த்ததைக் கவனித்தீர்களா? தொப்பி ஒன்று யாராவது கொடுத்திருக்கலாம். கீப்பர் தொப்பி போட்டுக்கொள்ள விதியில் தடை கிடையாது.

மூன்றாவது, தரை. பந்து அவனுக்கு இரண்டு அடி முன்னால் குத்தியது. அவன் தாழ்வாக வருகிற பந்துக்குத்தான் குனிந்தான். விரல் கீழ்நோக்கி, உடம்பு பந்துக்குப் பின்னால், முழங்கால் தரைக்குப் பக்கத்தில், எல்லாம் சரி. யாரோ நன்றாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். புல் தரையாக இருந்தால் அது கைக்குள் வந்து உட்கார்ந்திருக்கும். சரளைத் தரையில் குத்தி மார்பு உயரத்துக்கு எழும்பிவிட்டது. உள்ளங்கைக்கு வர வேண்டியது மணிக்கட்டில் பட்டது.

நான்காவது, கையுறை. ஒரு இடத்தில் அவன் கையை விரிக்கும்போது வீடியோவை நிறுத்திப் பாருங்கள். வலது உள்ளங்கையில் ரப்பர் தேய்ந்து துணி வெளியே தெரிகிறது. கீப்பர் கையுறையின் உள்ளங்கை லேடெக்ஸ் நுரை. அது ஈரமாக இருந்தால் பிடிக்கும். செம்மண் புழுதி ஒட்டிக் காய்ந்துவிட்டால் வழுக்கும். அதனால்தான் நல்ல கீப்பர்கள் கம்பத்துக்குப் பக்கத்தில் ஒரு தண்ணீர் பாட்டில் வைத்துக்கொண்டு அடிக்கடி உள்ளங்கையை நனைப்பார்கள். அவன் கோல் பக்கம் பாட்டில் ஒன்றும் இல்லை. வலைக்குப் பின்னால் நின்ற நம்மவர்கள் கையில் நிறைய இருந்தது.

இத்தனையையும் கூட்டி, அது தடுக்கவே முடியாத கோல் என்று நான் சொல்ல வரவில்லை. அனுபவமுள்ள கீப்பர் அதைப் பிடிக்கப் பார்க்காமல் ஓரமாகத் தட்டிவிட்டிருப்பார். அது தொழில் தவறு, கற்றுக்கொண்டால் சரியாகிவிடும். காசு வாங்கியவன் மறைக்கிற ஆட்களைத் தாண்டி அப்படி எட்டி எட்டிப் பார்க்க மாட்டான், தம்பி. டை-பிரேக்கரில் ஒன்றைப் பிடிக்கவும் மாட்டான். "ஒன்றைப் பிடித்தான், இருந்தும்" என்று அதை ஒரே வரியில் தாண்டிப் போய்விட்டீர்கள். நான் அங்கே நின்று படித்தேன்.

டை-பிரேக்கரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். கோல் 7.32 மீட்டர் அகலம், 2.44 மீட்டர் உயரம். பந்து வைக்கிற இடம் 11 மீட்டர். நன்றாக அடித்தால் கீப்பருக்கு நேரமே கிடையாது. 2007-ல் வெளியான ஒரு இஸ்ரேல் ஆய்வு, மேல்மட்ட ஆட்டங்களின் 286 பெனால்டிகளை எடுத்துப் பார்த்தது. கீப்பர்கள் கிட்டத்தட்ட எப்போதும் இடமோ வலமோ பாய்ந்துவிடுகிறார்கள், நடுவில் நின்றிருந்தால் இன்னும் அதிகம் பிடித்திருப்பார்கள் என்று அது சொன்னது. சும்மா நின்று கோல் வாங்கினால் மனசு இன்னும் அதிகம் உறுத்தும் என்பதுதான் அவர்களைப் பாய வைக்கிறது என்பது அந்த ஆய்வின் விளக்கம். மேல்மட்டக் கீப்பர்களுக்கே அந்த உறுத்தலைப் பற்றிய பயம் இருக்கிறது. 19 வயதுப் பையனுக்கு, அதற்கு ஐந்து நிமிடம் முன்னால் ஒரு கோலை நழுவவிட்டவனுக்கு, எவ்வளவு இருந்திருக்கும்? அந்த நிலையில் ஒன்றைப் பிடித்தான். அன்றைக்கு உங்கள் அணியில் மனஉறுதியோடு நின்ற ஆள் யார் என்று கேட்டால் நான் அவனைத்தான் சொல்வேன்.

வெளியே அடித்த இரண்டு பேரையும் குறை சொல்ல வேண்டாம். அதில் இரண்டாவது ஆள், ரெஃப்ரி விசில் ஊதி முடிப்பதற்குள் ஓடிவிட்டார். விசில் கேட்டவுடன் அவசரப்படுகிறவர்கள்தான் அதிகம் தவறவிடுகிறார்கள் என்று நார்வே ஆய்வாளர் கெய்ர் யோர்டெட் பெரிய போட்டிகளின் டை-பிரேக்கர்களை ஆராய்ந்து காட்டியிருக்கிறார். ஒரு மூச்சு இழுத்துவிட்டு அடிக்கலாம், ரெஃப்ரி ஒன்றும் சொல்ல மாட்டார். பயிற்சி முடிந்து எல்லாரும் களைத்திருக்கும்போது, சென்டர் லைனிலிருந்து தனியாக நடந்துவந்து ஆளுக்கு ஒன்று அடிக்கப் பழக்குங்கள். பெரும்பாலான நம் அணிகள் இதைச் செய்வதே இல்லை. எக்ஸ்ட்ரா டைம்கூட இல்லாமல் நேரே டை-பிரேக்கருக்குப் போகிற போட்டிகளில் ஆடிக்கொண்டு, டை-பிரேக்கரை மட்டும் பழகாமல் விடுகிறோம். இங்கிலாந்தின் எஃப்ஏ கோப்பையில் சமனான ஆட்டத்தை மறுபடி ஆடுகிற வழக்கம் ரொம்ப காலம் இருந்தது. 2024-25 சீசனிலிருந்து முதல் சுற்று முதற்கொண்டு அங்கேயும் அதை எடுத்துவிட்டார்கள். சின்ன அணிக்கு இரண்டாவது வாய்ப்பு குறைந்துகொண்டே வருகிற காலம் இது.

இனி அந்தப் பையன்.

1950 உலகக் கோப்பையின் தீர்மானமான கடைசி ஆட்டத்தில், ரியோவின் மரக்கானா மைதானத்தில், பிரேசில் உருகுவேயிடம் 2-1 என்று தோற்றது. இரண்டாவது கோல் கீப்பர் மோசிர் பார்போசாவுக்கும் அருகிலிருந்த கம்பத்துக்கும் நடுவில் போனது. அவர் அன்றைய காலத்தின் மிகச் சிறந்த கீப்பர்களில் ஒருவர். அந்த ஒரு கோலுக்காக நாடு அவரை மன்னிக்கவே இல்லை. 2000-ல் அவர் இறக்கும்வரை அது கூடவே வந்தது. பிரேசிலில் அதிகபட்ச தண்டனை 30 வருடம், நான் செய்யாத குற்றத்துக்கு 50 வருடமாக அனுபவிக்கிறேன் என்று கடைசிக் காலத்தில் சொன்னார். ஃபார்வர்டு பத்து வாய்ப்பைக் கோட்டை விட்டு ஒன்றைப் போட்டால் தோளில் தூக்குவோம். கீப்பர் பத்தைப் பிடித்து ஒன்றை விட்டால் அந்த ஒன்றுதான் அவன் பெயர். இது கால்பந்தில் உள்ள பெரிய அநியாயம். பயிற்சியாளராக நான் அதிகம் கவலைப்படுவது கீப்பர்களைப் பற்றித்தான். ஆட வராமல் நின்றுபோகிறவர்களில் அவர்கள்தான் முதலில் இருப்பார்கள்.

இதற்கு மேல் நீங்கள் அவனைத் திறமையைச் சொல்லித் திட்டவில்லை, நேர்மையைச் சொல்லித் திட்டியிருக்கிறீர்கள். "என்னடா பிடிச்ச?" என்று கத்தியிருந்தால் இரண்டு நாளில் மறந்திருப்பான். "எவ்வளவுடா வாங்குன?" என்பது வேறு. வாராவாரம் சனிக்கிழமை சம்பளம் வாங்கி வீட்டில் கொடுக்கிற பையனைப் பார்த்து அதைக் கேட்டிருக்கிறீர்கள். அது இந்நேரம் அவன் அம்மா காதுக்கும் போயிருக்கும், டையிங்கில் கூட வேலை பார்க்கிறவர்கள் காதுக்கும் போயிருக்கும். ஆட்டத்தை விற்றான் என்று உண்மையிலேயே சந்தேகம் இருந்தால் ஆதாரத்தோடு மாவட்டச் சங்கத்தில் எழுத்தில் கொடுக்க வேண்டும். ஆதாரம் இல்லாவிட்டால் அந்தப் பேச்சு வாயிலிருந்து வரவே கூடாது. உங்களுக்குச் சந்தேகமே இல்லை என்று உங்கள் கடிதத்திலிருந்து தெரிகிறது.

அதனால் போய்ப் பேசுங்கள். மெசேஜ் அனுப்பாதீர்கள், குரூப்பில் எழுதாதீர்கள், நடுவில் ஆள் வைத்துச் சொல்லி அனுப்பாதீர்கள். அவன் ஷிஃப்ட் முடிந்து குளித்துச் சாப்பிட்ட பிறகு வீட்டுக்கே போங்கள். அவன் அப்பா அம்மா இருந்தால் நல்லது, அவர்கள் முன்னாலேயே பேசுங்கள். நீளமாக வேண்டாம். "அன்னைக்கு நான் பேசுனது தப்புடா தம்பி. நீ அப்பிடி ஆளில்லைன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சும் பேசிட்டேன்." அவ்வளவு போதும். "ஆனாலும் அந்த பால்…" என்று தொடங்கிவிடாதீர்கள். டீம் மேல் இருக்கிற பாசத்தில் பேசினேன் என்றும் சொல்லாதீர்கள், அதை அவன் பாசமாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்பது போலாகிவிடும். அவன் ஒன்றும் பேசாமல் இருந்தாலும் சரி, கோபப்பட்டாலும் சரி, இருந்து கேட்டுவிட்டு வாருங்கள். மறுபடி ஆட வருவாயா என்று அன்றைக்கே கேட்க வேண்டாம்.

எல்லார் முன்னாலும் பேசிய பேச்சை எல்லார் முன்னாலும் எடுத்தாக வேண்டும். அடுத்த பயிற்சிக்கு அவன் வந்தாலும் வராவிட்டாலும், கிரவுண்டில் நாலு பேர் நிற்கும்போது, நான் அன்றைக்குச் சொன்னது பொய், யாரும் அதைத் திருப்பிச் சொல்லாதீர்கள் என்று நீங்கள் சொல்லிவிடுங்கள். கஷ்டம்தான். உங்கள் வயதுக்கும் ஊரில் உங்களுக்கு உள்ள மரியாதைக்கும் அதைச் செய்தால், குரூப்பில் சண்டை போடுகிறவர்களில் பாதிப் பேர் அத்தோடு நிறுத்திக்கொள்வார்கள்.

கோச் விஷயத்தில் என் கருத்து தெளிவானது. லீக்கில் நான்கு ஆட்டம் பாக்கி இருக்கும்போது மாற்றக் கூடாது. அந்த மாற்று ஆட்டக்காரர் முடிவு தவறு, அதை மேலே சொல்லிவிட்டேன். ஆனால் அதுவரைக்கும் 2-0 என்று கொண்டுவந்ததும் அதே ஆள்தான். சீசன் முடிந்ததும் உட்கார்ந்து பேசுங்கள். முன்னணியில் இருக்கும்போது என்ன திட்டம், வெளியே யார் யார் மாற்று ஆட்டக்காரர்கள், கீப்பருக்குத் தனிப் பயிற்சி யார் கொடுக்கிறார்கள் என்று கேளுங்கள். மரியாதையாகக் கேட்டால் அவரே தன் தவறைச் சொல்வார். நம் ஊர்ப்பக்கம் இந்த அளவில் கோச்சாக இருப்பவர்களில் பெரும்பாலோர் சொந்த பெட்ரோல் போட்டுக்கொண்டு வருகிறவர்கள். ஒரு தோல்விக்கு ஒரு கோச் என்று மாற்றினால், இரண்டு வருடத்தில் விசில் பிடிக்க ஆள் கிடைக்காது.

மாற்று ஆட்டக்காரர்கள் என்றதும் இன்னொன்று ஞாபகம் வருகிறது. பொங்கல் லீவில் உங்கள் அணியின் வழக்கமான ஆட்கள் எத்தனை பேர் ஊரில் இருந்தார்கள்? வீடியோவில் வெளியே உட்கார்ந்திருப்பவர்களில் ஜெர்சி போட்டவர்கள் குறைவாகத் தெரிகிறார்கள். திருப்பூர் பக்க அணிகளில் மதுரை, தேனி, சிவகங்கை பக்கமிருந்து வேலைக்கு வந்து தங்கிய பையன்கள் நிறைய ஆடுகிறார்கள். பொங்கலுக்கு அவர்கள் ஊருக்குப் போகாமல் இருக்க முடியாது. இருந்தவர்களை வைத்தே ஐந்து நாளில் மூன்று ஆட்டம் ஆடியிருக்கிறீர்கள். இரண்டு ஆட்டத்துக்கு நடுவில் மூன்று நாள் ஓய்வு வேண்டும் என்று கோடிக்கணக்கில் சம்பளம் வாங்குகிற ஆட்டக்காரர்களே கேட்கிறார்கள். நைட் ஷிஃப்ட் முடித்து வருகிற பையனுக்கு ஆட்டத்தின் பிற்பகுதியில் கெண்டைக்கால் பிடித்ததில் ஆச்சரியமே இல்லை. அடுத்த வருடம் அதே போட்டிக்குப் பெயர் கொடுப்பதற்கு முன்னால், யார் ஊரில் இருப்பார்கள் என்று டிசம்பரிலேயே கேட்டு எழுதிவைத்துக்கொள்ளுங்கள். ஆர்டருக்கு ஆள் கணக்குப் பார்ப்பது உங்கள் வேலைதானே, இது அதைவிடச் சுலபம்.

தூக்கத்தைப் பற்றி: நான் கோச், டாக்டர் இல்லை. பையனிடம் பேசிய பிறகு பெரும்பாலும் சரியாகிவிடும் என்று நினைக்கிறேன். உங்களைத் தூங்கவிடாமல் செய்வது கோல் பாதி, கத்தியது மீதி. ஓரிரு வாரம் கழித்தும் தூக்கம் வராமல் வேலை கெட்டால், டாக்டரைப் பாருங்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்குப் பேசினாலும் தமிழிலேயே பேசுவார்கள்.

விலகுவதா? வேண்டாம். இந்த நான்கு ஆட்டத்தில் முதல் ஆட்டத்துக்கு நீங்கள் கண்டிப்பாகப் போக வேண்டும். கோல் வலைக்குப் பின்னால் நிற்காதீர்கள், அந்தப் பையனுக்கு முதுகு கூசும். சைடு லைன் பக்கம், மாற்று ஆட்டக்காரர்களுக்கு அருகில் நில்லுங்கள். அவன் வராமல் வேறு கீப்பர் நின்றால் அந்தக் கீப்பருக்கும் தண்ணீர் பாட்டில் வைத்துவிட்டு வாருங்கள்.

கடைசியாக, ஜெர்சிப் பணம். கொடுப்பதாகச் சொன்னதைக் கொடுங்கள், ஆனால் ஜெர்சிக்கு வேண்டாம். திருப்பூரில் இருந்துகொண்டு ஜெர்சிக்கு யாரும் காசு செலவழிக்கத் தேவையில்லை. சர்ப்ளஸ் துணியில் பிரிண்ட் போட்டுத் தர உங்களுக்கே ஆள் தெரிந்திருக்கும். அந்தப் பணத்தில் கீப்பர் கையுறை இரண்டு ஜோடி வாங்குங்கள், ஒன்று பயிற்சிக்கு, ஒன்று ஆட்டத்துக்கு. பெரிய விலையில் வேண்டாம், உள்ளங்கை நுரை தடிமனாக இருந்தால் போதும், வாங்கும்போது கை அளவு பார்த்து வாங்குங்கள். ஒரு தொப்பி. பயிற்சிக்கு நல்ல பந்து நாலு. மீதி இருந்தால் ஐஸ் பெட்டி ஒன்றும் தசைப்பிடிப்புக்கான ஸ்பிரேயும். கையுறையை நீங்களாகக் கொண்டுபோய் அவனிடம் கொடுக்காதீர்கள், மன்னிப்புக்கு விலை மாதிரி ஆகிவிடும். செயலாளரிடம் கொடுத்து, கிளப் கணக்கில் எழுதி, கிளப் கொடுப்பதாகவே கொடுக்கச் சொல்லுங்கள்.